அளவு ஜாடியில் மோர்

நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாமானும் இருக்கிறது. எதையும் எடுக்கத்தான் முடியாது. வெளியாட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சாமான்களுக்கு இருப்புப் பதிவேடு எழுதுகிறவள் நான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

காரைக்குடியிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம். ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பூட்டாத ஒரு பெரிய வீட்டின் முன்பாதியில் எங்கள் பள்ளி நடக்கிறது. பின்பாதியில் ஆச்சி குடியிருக்கிறார்கள். வீடும் அவர்களுடையது, பள்ளியும் அவர்களுடையது, தாளாளரும் அவர்களே. நடுவில் வளவு என்கிற வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒரு காலத்தில் மகன்களுக்குக் கல்யாணம் ஆக ஆக ஆளுக்கு ஓர் அறை என்று கொடுத்தார்களாம். இப்போது ஓர் அறையில் எல்.கே.ஜி., அடுத்ததில் யு.கே.ஜி., அப்படியே சுற்றி வந்தால் ஐந்தாம் வகுப்பு. மழை வந்து வளவில் தண்ணீர் கொட்டினால் எந்த வகுப்பிலும் எவரும் பாடம் கவனிப்பதில்லை. டீச்சர்களும்தான்.

நான் வகுப்பு உதவியாளர். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவளை மிஸ் என்று கூப்பிடுவதா அக்கா என்று கூப்பிடுவதா என்று பிள்ளைகளுக்குக் குழப்பம். 'அக்கா மிஸ்' என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

காலையில் வருகைப் பதிவு எடுத்துக் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்துச் சுவர், அவ்வளவு கனம். உள்ளே சிக்னல் நுழையாது. முன்வாசல் தூணுக்குப் பக்கத்தில் கையை உயர்த்திக்கொண்டு நிற்பேன். போகிறவர் வருகிறவரெல்லாம் யாருக்கோ கையாட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பக் கையாட்டுவார்கள். இதற்கு நடுவில் தாய்மார்களின் போன். இங்கே பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரை வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். எனவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல வருகிறவளும் பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டாள்.

"அக்கா மிஸ், எங்க வீட்டுப் பெரியவுக இன்னிக்கு வரமாட்டாக."

"எந்தப் பெரியவுக?"

"ரெண்டாம் வகுப்புப் பெரியவுக."

"ரெண்டாம் வகுப்புல நாலஞ்சு பெரியவுக இருக்காகளே. பேரச் சொல்லுங்க."

"அதச் சொல்லக் கூடாதுல்ல. முன்பல்லு விழுந்திருக்குமே, அவுக."

ரெண்டாம் வகுப்பில் யாருக்குத்தான் முன்பல் இருக்கிறது? நான் உள்ளே ஓடி, எந்தப் பெரியவர் வரவில்லை என்று தலையைப் பார்த்து எண்ணிவிட்டு மறுபடி தூணுக்கு ஓடி வருவேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று செயலி சிவப்பாகக் காட்டும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சாமான் அறைதான் தாங்க முடியாதது.

பழைய வீட்டுக்காரர்களிடம் பாத்திர அறை என்று ஒன்று இருக்கும். பித்தளை, எவர்சில்வர், ஜாடி, தட்டு என்று கூரை முட்ட அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் வீட்டு முதலெழுத்து வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு வெளியே வரும், எண்ணித் திரும்ப உள்ளே போகும். ஆச்சிக்குப் பொருளைப் பாதுகாப்பது என்றால் அதுதான். பள்ளிக்கு வாங்கிய கணிதப் பெட்டி, எழுத்து அட்டை, பூமி உருண்டை, எலும்புக்கூட்டுப் படம், கத்தரிக்கோல் எல்லாமே பாத்திர அறைக்குப் பக்கத்து அறையில் உறை பிரிக்காமல் இருக்கும். இரண்டு அறைச் சாவியும் ஒரே கொத்தில் ஆச்சியின் இடுப்பில்.

கணிதப் பெட்டி வந்த வாரம் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரை வரவழைத்தார்கள். தராசுத் தட்டிலும் எடைக்கற்களிலும் பள்ளியின் முதலெழுத்தை வெட்டச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் பதறிப்போனார். சின்ன வயது, புதிதாக பி.எட். முடித்து வந்தவர்.

"ஆச்சி, எடைக்கல்லுல உளி வச்சா எடை கொறயும்."

"எல்லாக் கல்லுலயும்தானத்தா வெட்டுறோம். கொறஞ்சா ஒண்ணுபோலத்தான் கொறயும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டேன். பொருள், வந்தது, கொடுத்தது, திரும்பியது, நிலை. கொடுத்தது, திரும்பியது இரண்டும் வெறும் கட்டங்கள். நிலை என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை 'புதியது', 'புதியது', 'புதியது' என்று என் கையெழுத்து.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த பெண் ஒரு கத்தரிக்கோலால் போனாள். திருடவில்லை, ஒன்றுமில்லை. ஏதோ ஒரு வகுப்புக்குக் கொடுத்தாள், திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். என்னைச் சேர்த்துக்கொண்ட அன்றே ஆச்சி சொல்லிவிட்டார்கள்: "நீ என்ன படிச்சிருக்கேன்னு நான் கேக்கல. பொருளு கொறயக் கூடாது. கொறஞ்சா நீ வர வேண்டாம்."

அதற்கு முன் நான் காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் நின்றேன். வேலை பார்த்தேன் என்று சொல்வதைவிட நின்றேன் என்பதுதான் சரி. காலில் நரம்பு சுருண்டு, இனி நிற்கிற வேலைக்குப் போகாதே என்று டாக்டர் சொன்ன பிறகு உட்கார ஸ்டூல் கிடைத்த இடம் இந்தப் பள்ளிதான். ஒன்பதாவதுக்கு வேறு எங்கே ஸ்டூல் போடுவார்கள்? அதனால் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, சாமான் அறைப் பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று திரும்பி வருவேன். பூட்டுவது ஆச்சி, சாவி ஆச்சியிடம். இழுத்துப் பார்ப்பது நான். பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருந்தேன்: "எதையும் தொட்டுறாதீக, தொட்டு ஒடஞ்சா அக்கா மிஸ்ஸுக்கு வேல போயிரும்." விளையாட்டாகச் சொன்னதில்லை.

மூன்றாம் வகுப்பு டீச்சர் விடவில்லை. லிட்டர் பாடம் வந்ததும் அளவு ஜாடி வேண்டும் என்று நின்றார். தெளிந்த பிளாஸ்டிக்கில் கோடும் எண்ணும் போட்ட ஜாடி.

"ஒரே ஒரு பீரியடுக்குக் குடுங்க ஆச்சி. தண்ணி ஊத்திக் காட்டிட்டுத் தொடச்சுக் குடுத்துருறேன்."

"தண்ணி பட்டா கறை பிடிக்கும். போர்டுல வரஞ்சு காட்டுங்க. நீங்கதான் நல்லா வரையிறீகளே."

டீச்சர் போர்டில் வரைந்தார். பிள்ளைகள் அந்தப் பட ஜாடியைப் பார்த்து எழுதினார்கள். "ஒரு லிட்டர்னா எவ்வளவு?" என்று கேட்டால், போர்டில் இருந்த உயரத்தைக் கையால் காட்டினார்கள், ஏறக்குறைய ஒரு ஆள் மட்டம். டீச்சர் என்னிடம் வந்து பொரிந்து தள்ளினார்.

"அக்கா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் சொல்லி ஆச்சி கேக்கவா?"

"நீங்க அந்த ரூமுக்கு வாட்ச்மேனா, எங்களுக்கு அசிஸ்டெண்டா?"

எனக்கும் கோபம் வந்தது. ஜாடி உடைந்தால் இவருக்கு என்ன, பி.எட். இருக்கிறது, சிங்கம்புணரியில் ஒரு பள்ளி கூப்பிடும். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். கோபம் யார்மேல் என்றும் தெரியவில்லை. கேட்கிறவர் கேட்பதும் நியாயம். பூட்டுகிறவர் பூட்டுவதும் தம் சொந்தப் பொருளைத்தான். நடுவில் கட்டம் போட்டு எழுதுகிறவளுக்குத்தான் தலைவலி.

பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஓர் அதிகாரி வரப்போகிறார், கற்பித்தல் சாமான்களையெல்லாம் பார்ப்பார் என்று தகவல் வந்தது. ஆச்சி எங்கள் எல்லோரையும் வளவில் கூட்டினார்கள்.

"கல்யாணத்துல சாமான் பரப்புவோம்ல, அதுமாதிரி இங்கன பரப்பிருவோம்."

பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை எல்லோரும் பார்க்கும்படி வரிசை வரிசையாக அடுக்கி வைப்பது இங்கே வழக்கம். டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ஆச்சி, இது பாடம் நடத்துற சாமான். சீரு இல்ல."

"எதுவா இருந்தா என்ன? பாக்கிறவுகளுக்கு மனசு நெறயணும்ல."

வளவில் ஜமுக்காளம் விரித்தோம். உயரமானது பின்னால், சின்னது முன்னால். பூமி உருண்டை நடுவில், அதன் இரண்டு பக்கமும் தராசு. அளவு ஜாடி ஓரத்தில், சமையல் நடக்கிற பின்கட்டுக்குப் போகிற வழியில். கத்தரிக்கோல்களை விசிறிபோல் விரித்து வைத்தார்கள் ஆச்சி. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகளைச் சுற்றிவரக் கைகட்டி உட்கார வைத்தோம். நான் பதிவேட்டோடு ஒரு தூணருகே ஸ்டூலில். என் கண் வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருந்தது.

அதிகாரி ஒரு நடுவயது அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எல்லாம் புதுசா இருக்கே?"

"ஆமாங்க," என்றார்கள் ஆச்சி பூரித்துப்போய். "ஒரு கீறல் காட்ட முடியாது."

எனக்கே தெரிந்தது, அது சொல்லக் கூடாத பதில். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார். அட்டையில் செய்த கடிகாரத்தைக் காட்டி, "முள்ளத் திருப்பி மூணு மணி வச்சுக் காட்டு பாப்பம்" என்றார்.

அவள் எழுந்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பயப்படாத, தொடு."

"தொடக் கூடாது. தொட்டா அக்கா மிஸ்ஸுக்கு வேல போயிரும்."

அதிகாரி சுற்றிப் பார்த்து, "யாரு அக்கா மிஸ்?" என்றார். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். அந்த வருகைச் செயலி என்றைக்காவது இவ்வளவு சரியாக ஆளைக் காட்டியிருக்கிறதா? எழுந்து கும்பிட்டேன்.

ஆச்சி பேச்சை மாற்றினார்கள். "வெயில்ல வந்திருக்கீக. முதல்ல உக்காருங்க. கந்தரப்பம் சாப்பிடுங்க, காபி குடிங்க." வெள்ளித் தட்டு தயாராக இருந்தது. அதிகாரி கையை ஆட்டி மறுத்தார்.

"எனக்குச் சர்க்கரை. இனிப்பும் ஆகாது, காபியும் ஆகாது. ஒண்ணும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்தவர் ஒன்றும் வாங்காமல் போவதாவது. ஆச்சியின் முகம் கறுத்துவிட்டது. "மோராச்சும் குடிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். ஆச்சி வீட்டுச் சமையல்கார அண்ணன் வாசற்படியிலிருந்து தலையாட்டினார்.

இந்தச் சந்தடியில் நான் என் வரிசையை விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஓரத்தில் ஓர் இடம் காலி. தராசு இருக்கிறது, எடைக்கல் இருக்கிறது, அளவு ஜாடி இல்லை.

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஜாடிக்கா என்பார்கள். எனக்கு அந்த இடத்தில் ஜவுளிக் கடைதான் தெரிந்தது. டியூப் லைட்டு, புடவை அடுக்கு, வீங்கின கால். மெல்லக் குனிந்து ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். பிள்ளைகளிடம் கிசுகிசுத்தேன், "யாரும் ஜாடிய எடுத்தீகளா?" இல்லை என்று தலையாட்டினார்கள். டீச்சரிடம் போனேன்.

"ஜாடியக் காணோம்."

"எந்த ஜாடி?"

"நீங்க கேட்ட ஜாடிதான். நீங்க எடுத்தீகளா?"

"ஏங்கா, அதிகாரி முன்னாடியா எடுப்பேன்?"

அப்போது பின்கட்டிலிருந்து சமையல்கார அண்ணன் வந்தார். ஒரு கையில் டம்ளர்கள். இன்னொரு கையில் என் அளவு ஜாடி. அதற்குள் நுரைக்க நுரைக்க மோர், மேலே கறிவேப்பிலை மிதந்தது. கோடும் எண்ணும் தெளிவாகத் தெரிய, ஒரு டம்ளர் நிறைய ஊற்றி அதிகாரியின் கையில் கொடுத்தார்.

நான் அவர் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், "என்னண்ணே இது?"

"பின்ன எதுல கொண்டார? அடுப்படிச் சொம்புல பால் இருக்கு. நல்ல சொம்பெல்லாம் உள்ள பூட்டிக் கெடக்கு. சாவி ஆச்சி இடுப்புல. அதிகாரிய உக்கார வச்சிட்டு இடுப்புச் சாவியக் கழத்துங்கன்னு கேக்கச் சொல்றியா? இது இங்கன சும்மாதான நின்டுச்சு."

ஆச்சியும் பார்த்துவிட்டார்கள். வந்தவர் வாயில் மோர் இருக்கும்போது என்ன சொல்ல முடியும்? இடுப்புச் சாவியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி குடித்து முடித்தார். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"இதுல இன்னும் எவ்வளவு மோர் இருக்கு? யாரு சொல்றது?"

மூன்றாம் வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. ஜாடியைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைத்தான். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஆச்சிமேல், சாவிமேல், அந்த அண்ணன்மேல், நான் பழக்கி வைத்த இந்தக் கைகட்டலின்மேல்.

"போங்க," என்று கத்திவிட்டேன். "போய்த் தொடுங்க! அதான் மோரே ஊத்தியாச்சே, இனி என்ன!"

அவ்வளவுதான். ஜமுக்காளத்தைத் தாண்டி மொத்த வகுப்பும் ஓடியது. "அறுநூறு!" "இல்ல, அதுக்கு மேல!" "நுரைய விட்டுட்டுப் பாருடா!" டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் புகுந்தார். "ஒரு டம்ளர் ஊத்துனா எந்தக் கோட்டுக்கு வரும்? முதல்ல சொல்லிட்டு அப்புறம் ஊத்துங்க." ஊற்றினார்கள். சொன்னதற்கும் வந்ததற்கும் ஒத்துப்போகவில்லை என்று சண்டை. ஊற்றியதை யாரோ குடித்துவிட்டார்கள், கணக்கு குழம்பியது. சமையல்கார அண்ணன் இன்னும் மோர் கொண்டுவந்தார். ஜமுக்காளத்தில் கொட்டியது. கடிகாரப் பெண் பேசாமல் போய் முள்ளைத் திருப்பி மூன்று மணி வைத்துவிட்டு, திரும்பி வந்து கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பொருள்கள் உள்ளன, பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அடுத்த முறை பார்க்கிறேன் என்று. அங்கீகாரத்துக்குக் குறை சொல்லவில்லை.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் ஆச்சி என்னைக் கூப்பிட்டார்கள். ஜாடி அவர்கள் மடியில் இருந்தது. முகர்ந்து பார்த்தார்கள்.

"பெருங்காய வாடை."

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் ஆச்சி."

"போகாது. கோட்டு இடுக்குல வேற ஏறிருச்சு." பதிவேட்டை நீட்டச் சொன்னார்கள். "இதுல இப்ப என்னன்னு எழுதுவ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை நீட்டினேன். "புதியதுன்னு எழுத முடியாது ஆச்சி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நிமிசம் கண்ண எடுத்தேன், அதுக்குள்ள... என்னய நிறுத்திறாதீக. திரும்பி அந்தக் கடைக்குப் போயி என்னால நிக்க முடியாது."

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "எதுக்கு இப்ப அழுகுற? பொருளு கொறஞ்சா வராதன்னுதான சொன்னேன்? கொறயலையே. இந்தா இருக்குல்ல." ஜாடியை என் கையில் திணித்தார்கள். "பழசாப் போச்சு. புதுசுகளோட சேத்து உள்ள வைக்காத. வெளியவே கெடக்கட்டும். உள்ளுக்கு ஒண்ணு புதுசா வாங்கிருவோம்."

ஆக என் வேலை தப்பியது. ஆனால் தலைவலி இரண்டாகிவிட்டது. உள்ளே உறை பிரிக்காத புது ஜாடி ஒன்று, எண்ணுவதற்கு. வெளியே பெருங்காய ஜாடி ஒன்று, தேடுவதற்கு. அது ஓர் இடத்தில் நிற்பதில்லை. மூன்றாம் வகுப்பில் கேட்டால் ஐந்தாம் வகுப்பு என்பார்கள். ஐந்தில் கேட்டால் யு.கே.ஜி.யில் மணல் அள்ளுகிறார்கள் என்பார்கள். கொடுத்தது, திரும்பியது என்ற கட்டங்கள் இப்போது அடித்து அடித்து எழுதிக் கிறுக்கலாகிவிட்டன.

"அக்கா," என்றார் டீச்சர் ஒருநாள், "அந்தக் கடிகாரத்து மேலயும் கொஞ்சம் மோர ஊத்திருவமா?"

"பேசாமப் போங்க டீச்சர், வயித்தெரிச்சலக் கெளப்பாதீக," என்றேன். ஆனால் நினைத்துப் பார்க்காமலும் இல்லை.

போன வாரம் ஆச்சி சாமான் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்கள், "ஏத்தா, அந்தக் கடிகாரத்துல முள்ளு கொஞ்சம் ஆடுதுல்ல?"

முள் கல்லாட்டம் நின்றது. "ஆடுது ஆச்சி," என்றேன்.

"ஆடுச்சுன்னா பழசுதான். எடுத்து வெளிய வையி."

நிலை என்ற கட்டத்தில் 'முள் ஆடுகிறது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அன்றைக்குப் பேருந்து நிறுத்தம் போய்விட்டுத் திரும்பி வந்து அந்த முள்ளை ஆட்டிப் பார்த்தேன். பொய் எழுதிவிட்டோமே என்று பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. இரண்டாம் வகுப்புப் பெரியவர்கள் ஆட்டி ஆட்டி, முள் தொளதொளவென்று ஆடுகிறது.